மலையேறக் கையில் என்ன வேண்டும்?

செல்போனிலேயே வரைபடம் வந்துவிட்ட காலத்தில் தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி தேவையா? தம்பானூரில் பஸ் ஏறுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் திருவனந்தபுரம் தம்பானூரில் அதிகாலையில் இறங்குபவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசுப் பேருந்து நிலையத்தில், முதுகில் பெரிய பையும் காலில் கனமான ஷூவுமாகச் சில கும்பல்கள். பக்கத்திலேயே லாரி பேக்கர் வடிவமைத்த, செங்கல் சுருளாக மேலே ஏறும் இந்தியன் காபி ஹவுஸ். அங்கே காபி, பிறகு நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு. அதற்கு அப்பால் நடைதான். முதல் நாள் அதிருமலை முகாம். மறுநாள் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடத்தின் உச்சி. தமிழர்களுக்கு இது பொதிகை மலை, தாமிரபரணி பிறக்கும் இடம். எனவே நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருபவர்கள் இந்தக் கும்பலில் கணிசம். கேரள வனத்துறை தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே அனுமதி தருகிறது.

இவர்கள் எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. ஒரு சிலரின் தோள்பட்டையில் மட்டும் சோப்பு டப்பா அளவில் இன்னொரு கருவி தொங்குகிறது. கையடக்க ஜிபிஎஸ். மற்றவர்கள் அதை ஆசையோடு பார்க்கிறார்கள். வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விஷயம் இதுதான். பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால், அவை வந்து சேரப் பிடித்த நேரத்தை வைத்துக் கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் 300 மீட்டர் தப்பும். இந்தக் கணக்கைச் செய்ய செல்போன் டவர் தேவையில்லை. செல்போனிலும் இதே வேலைதான் நடக்கிறது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், டவரே இல்லாத காட்டிலும் செல்போன் இடத்தைக் காட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் ஜிபிஎஸ் கருவிக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

1989ல் அமெரிக்காவின் மெகல்லன் நிறுவனம் முதல் கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை சுமார் 3,000 டாலர். அது காட்டிய இடமும் நம்பகமானதல்ல. ராணுவக் காரணங்களுக்காக, பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்திருந்தது. 100 மீட்டர் வரை தப்புவது சகஜம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் உத்தரவால் அந்தப் பிழை நீக்கப்பட்டது. மே 3 அன்றே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டுக் காட்டோரம் மறைத்து வைத்து, அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வெளியிட்டு 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்றார். ஜியோகேச்சிங் என்ற உலகளாவிய புதையல் வேட்டை பிறந்தது இப்படித்தான்.

அப்படியானால் தனிக் கருவி எதற்கு? பதில் ஒரே வார்த்தை: பேட்டரி. மலையில் டவரைத் தேடித் தேடியே செல்போன் களைத்துவிடும். மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது. உச்சி வெயிலில் திரையில் எதுவும் தெரியாது. பாறையில் விழுந்தால் வரைபடம் மட்டுமல்ல, வீட்டுக்குப் பேசும் வழியும் சேர்ந்தே போய்விடும். கையடக்கக் கருவி இந்த நான்கு பிரச்சினைகளுக்காகவே செய்யப்பட்டது. இதைவிடத் துல்லியமான செல்போன்கள் இன்று கடைகளில் உண்டு. இந்தக் கருவியின் பெருமை துல்லியத்தில் இல்லை, தாக்குப்பிடிப்பதில் இருக்கிறது.

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மணி நேரம், எந்த பேட்டரி என்பதைத்தான். கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் சாதாரண ஏஏ பேட்டரி இரண்டில் 25 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. நாளுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் நடந்தால் மூன்று நாள் பயணத்துக்கு இரண்டு ஜோடி போதும். பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேட்டரி என்பது மலையடிவாரத்தில் சாதாரண வசதியல்ல. அதே நிறுவனத்தின் இட்ரெக்ஸ் எஸ்இ 168 மணி நேரம் ஓடும். 2023ல் அமெரிக்காவில் அறிமுக விலை 150 டாலர்தான். ஆனால் அதற்குள் வரைபடம் கிடையாது. பாதையும் புள்ளிகளும் தெரியும்; மலையும் ஆறும் தெரிய வேண்டுமென்றால் செல்போனோடு இணைக்க வேண்டும். செல்போனை நம்பாமல் இருக்கத்தான் தனிக் கருவி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும். 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இந்த இரண்டும்தான். 2019ல் அறிமுகமானபோது விலை வித்தியாசம் 100 டாலர். திசைகாட்டி இல்லாத கருவி நடக்கும்போது மட்டுமே திசை சொல்லும். மூடுபனியில் நின்று யோசிக்கும்போது, அதாவது மிகவும் தேவைப்படும்போது, அம்புக்குறி உளறும். ஒரு சாதாரணத் திசைகாட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தயாரானால் 22எக்ஸ் போதும்.

மூன்றாவது, மரக்கூரை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வானம் தெரிவதே அபூர்வம். ஈர இலைகள் சிக்னலை விழுங்கும். பாறைச் சுவர்கள் எதிரொலித்துக் குழப்பும். இரண்டு அலைவரிசைகளைப் பெறும் கருவிகள் இந்தக் குழப்பத்தை நன்றாகவே சமாளிக்கின்றன. ஜிபிஎஸ்மேப் 65 அந்த வகை. ஏஏ பேட்டரியில் 16 மணி நேரம். ஜிபிஎஸ்மேப் 67 ஒரு முறை சார்ஜ் செய்தால் 180 மணி நேரம். ஆனால் அறிமுக விலையே 500 டாலர். வருடத்துக்கு ஒரு முறை, வழிகாட்டியோடு, தெளிந்த பாதையில் போகிறவருக்கு இது ஆடம்பரம். பல நாள் காட்டில் திரியும் ஆய்வாளருக்கோ, பத்துப் பேருக்குப் பொறுப்பேற்கும் குழுத் தலைவருக்கோ நியாயமான செலவு.

விற்பனையாளர்கள் சொல்லும் இன்னொரு மந்திரச் சொல் 'நாவிக்'. 1963 நவம்பர் 21ல் தும்பாவிலிருந்து நாட்டின் முதல் ராக்கெட் புறப்பட்ட இந்த நகரத்தில் அதற்கு மயங்காதவர் குறைவு. 2013ல் முதல் செயற்கைக்கோளோடு தொடங்கிய இந்த இந்திய அமைப்பு பெருமைக்குரியதே. ஆனால் அந்த முதல் செயற்கைக்கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் செயலிழந்தன. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்விஎஸ்-02 உரிய பாதையை எட்டவில்லை. நாவிக் இருந்தால் நல்லது. அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பது தேசபக்தியாக இருக்கலாம், சிக்கனமாக இருக்காது.

விலையை விடப் பெரிய ஆபத்து ஒரே எழுத்தில் ஒளிந்திருக்கிறது. ஜிபிஎஸ்மேப் 67க்கு '67ஐ' என்று ஒரு தம்பி உண்டு. செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் 'இன்ரீச்' வசதி கொண்டது. வெளிநாட்டு மலையேற்றக்காரர்கள் உயிர்க்கவசமாகக் கருதும் இந்த வசதி, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் சட்டவிரோதம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாவைச் சேர்ந்த ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர் பிடிபட்டது இப்படிப்பட்ட கருவிக்காகத்தான். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரிடம் 'நல்லதாக ஒன்று வாங்கி வா' என்று சொல்பவர்கள் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை எழுதிக் கொடுப்பது நல்லது.

வாங்கிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற கணக்கு முறையில் வரையப்பட்டவை. கருவியோ டபிள்யூஜிஎஸ்-84 முறையில் வருகிறது. அமைப்பை மாற்றாமல் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டால் இடம் 100 மீட்டருக்கும் மேல் நகர்ந்து நிற்கும். 2000ல் அமெரிக்கா நீக்கிய பிழையை நாமே திரும்ப வரவழைத்த மாதிரி.

கருவியால் முடியாதவையும் உண்டு. அம்புக்குறி நேர்கோட்டில்தான் காட்டும். நடுவில் செங்குத்துப் பாறை இருப்பது அதற்குத் தெரியாது. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே மலை இடுக்கில் சிக்கிய 23 வயது இளைஞர் எங்கே இருக்கிறார் என்பது கீழே எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அப்படியும் ராணுவம் அவரை மேலே கொண்டுவர இரண்டு நாளாயிற்று. இடம் தெரிவது வேறு, போய்ச் சேர்வது வேறு. அகத்தியர்கூடத்தில் கயிறு பிடித்து ஏற வேண்டிய பாறைகளில் உதவுவது உள்ளூர் வழிகாட்டியின் கையே தவிர, செயற்கைக்கோள் அல்ல. ஜியோகேச்சிங் ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை: பேப்பாறை, நெய்யாறு போன்ற சரணாலயங்களில் டப்பா புதைக்கும் ஆசை வேண்டாம். காட்டில் விட்டுவர வேண்டியது எதுவும் இல்லை, தீர்ந்த பேட்டரி உட்பட.

இந்த மலைக்குக் கருவிகள் புதிதல்ல. திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வுக்கூடத்துக்கு இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன், பூமியின் காந்தப் புலத்தை அளக்க 1855ல் அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். காந்த ஊசிகளையும் காற்றழுத்தமானிகளையும் மனிதர்கள் மலைமேல் சுமந்து போன காலம் அது. அந்த இரண்டும் இன்று ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிட்டன.

ஆகவே வாங்கியவர்கள் அதை முதன்முதலாகக் காட்டில் திறக்க வேண்டாம். தம்பானூரிலேயே, பஸ் நிலைய வாசலில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, இரண்டு தெரு சுற்றிவிட்டு, கருவியை மட்டும் பார்த்துத் திரும்பி வந்து பார்க்கலாம். கட்டடங்களுக்கு நடுவே அது எவ்வளவு தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும். எப்போது அதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகு போனக்காடு பஸ் ஏறலாம். வழி தவறினால் அங்கே காபி ஹவுஸ் கிடையாது.