பீலித் தண்ணீரும் குழாயின் அகலமும்

உடப்புசல்லாவை மலைச்சரிவுகளில் ஆடியும் ஆவணியும் வறண்ட மாதங்கள். தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியா மலைகளின் மேற்குப் பக்கத்தில் மழையைச் சொரிந்துவிட்டு, இப்பக்கத்திற்கு ஈரமிழந்த காற்றாகவே வந்து சேருகின்றது. தேயிலைக்கு அக்காற்று நல்லது. அப்பருவத்துத் தூளின் மணமே தனி. ஆயின், லயத்தின் பின்புறத்தில் நாலு பாத்தி கரட்டும் லீக்சும் கோவாவும் போட்டிருப்பவர்களுக்கு அது சோதனைக் காலம். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண், பொழுது சாய்வதற்குள் பீலிக்கும் பாத்திக்குமாக வாளி சுமக்க வேண்டியிருக்கிறது. அச்சுமையை இறக்கவே இறப்பர்க் குழாய் வாங்கப்படுகின்றது.

கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "அரை அங்குலமா, முக்கால் அங்குலமா?" என்பது. பெரும்பாலோர் அரை அங்குலத்தையே எடுக்கின்றனர். விலை குறைவு என்பது ஒரு காரணம். அதனைக் குறை கூற இயலாது. குழாய் ஒடுங்கியிருந்தால் தண்ணீர் வேகமாய் வரும் என்ற எண்ணம் மற்றொரு காரணம். தவறு இங்கேதான் நேருகின்றது.

இவ்வெண்ணம் வீணாகப் பிறந்ததன்று. குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தொலைவிற்குப் பீறிடுவதைக் குழந்தைகளும் அறிவர். ஆனால் அவ்வாறு பீறிடும் நீரை வாளியில் பிடித்துப் பார்த்தால், வாளி நிறைய முன்னிலும் அதிக நேரம் செல்வது தெரியும். கூடியது பாய்ச்சலின் தூரம். தண்ணீரின் அளவோ குறைந்தது. வாயை மட்டும் ஒடுக்குவது ஒன்று. குழாய் முழுவதுமே ஒடுங்கியிருப்பது வேறொன்று. ஒடுங்கிய குழாயில் தண்ணீர் வழிநெடுகச் சுவரோடு உராய்ந்து, உயரத்திலிருந்து பெற்ற விசையை அங்கேயே இழந்துவிடுகின்றது.

அரை அங்குலத்திற்கும் முக்கால் அங்குலத்திற்கும் இடையே கால் அங்குலந்தானே வேறுபாடு என்று தோன்றும். உள்வாயின் பரப்பைக் கணக்கிட்டால் முக்கால் அங்குலக் குழாய் இரண்டேகால் மடங்கு பெரியது. உராய்வும் குறைவதால், ஒரே உயரத்திலிருந்து அதில் வரும் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மடங்காகின்றது. பாத்திக்கு 20 அடி மேலே தண்ணீர்த் தாங்கி இருப்பதாகவும், குழாயின் நீளம் 100 அடி எனவும் வைத்துக்கொள்வோம். அரை அங்குலக் குழாய் நிமிடத்திற்குச் சுமார் 10 லீற்றர் தரும். முக்கால் அங்குலக் குழாய் 30 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். 20 லீற்றர் வாளி முதலாவதில் நிறைய இரண்டு நிமிடம் வேண்டும். இரண்டாவதில் முக்கால் நிமிடம் போதும். நீளத்தை இரட்டித்தாலோ வரும் தண்ணீரில் பத்தில் மூன்று பங்கு குறைந்துபோகும். ஆகவே, தேவைக்கு மேற்பட்ட நீளத்தைச் சுருட்டிப் போட்டு வைப்பதும் நட்டமே.

அப்படியாயின் ஒரு அங்குலக் குழாயே வாங்கிவிடலாமே எனில், 100 அடி நீளத்தில் அதனுள் நிற்கும் தண்ணீர் மட்டுமே 15 லீற்றர். அவ்வளவு பாரத்தைச் சரிவில் இழுத்துத் திரிவது எளிதன்று. மேலும், ஊற்றில் இல்லாத தண்ணீரை எந்தக் குழாயும் தரமாட்டாது.

எனவே, கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை வேண்டும். குழாய் மாட்டாமலே பைப்பைத் திறந்து, வாளி நிறையும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தல் வேண்டும். வெறும் பைப்பிலேயே 20 லீற்றர் வாளி நிறைய இரண்டு நிமிடமானால், அரை அங்குலக் குழாயே போதும். அகன்றதற்குக் கொடுக்கும் பணம் வீண். அரை நிமிடத்தில் வாளி நிறைந்தால் முக்கால் அங்குலத்தை வாங்கலாம். குழாயைப் பைப்போடு இணைக்கும் துண்டின் துவாரத்தையும் பார்க்க வேண்டும். அது ஒடுங்கியதானால் அகன்ற குழாயின் பயனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். குழாயை மேடு ஏற்றி இறக்காமல் ஒரே சரிவாய் இடுவதும் அவசியம். மேட்டின் உச்சியில் காற்று தங்கினால், விசை குறைந்த பீலித் தண்ணீர் அங்கேயே தடைப்பட்டு நிற்கும்.

இனி, அயலாரைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமாபுரியின் தண்ணீர்ப் பகிர்வுக்கு அதிகாரியாயிருந்த புரொண்டினஸ் என்பவர் தம் நூலில் ஒரு விதியைக் குறித்துள்ளார். தண்ணீர் பெறும் உரிமை வழங்கப்பட்டவர்களுக்கு அளவிட்ட வெண்கல வாய் ஒன்று பொருத்தப்பட்டது. அதிலிருந்து 50 அடி வரை அதே அளவுள்ள குழாயையே இணைக்க வேண்டும் என்பது அவ்விதி. வாய்க்கு அப்பால் அகன்ற குழாயை மாட்டினால் உரிய பங்கிற்கு மேல் தண்ணீர் இழுக்கப்படும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். ஒரே ஊற்றை மேல் லயமும் கீழ் லயமும் நம்பியிருக்கும் தோட்டத்திலும் கதை அதுவே. முக்கால் அங்குலக் குழாயை அரைமணி நேரம் திறந்துவிட்டால் நாற்பது வாளிக்கு மேல் பாத்தியில் இறங்கிவிடும். அவ்வளவு தண்ணீர் வேண்டுபவர், கீழ் லயத்தார் இரவுச் சமையலுக்குக் குடம் நிரப்பிய பின்னர் திறப்பது என்று அவர்களோடு பேசி நேரம் வகுத்துக்கொண்டால், பீலிக்கரையில் சண்டையும் இராது, கரட்டும் வாடாது.