கோல்கீப்பரைப் பயிற்சியில் பார்க்க வேண்டும்

ஹாக்கி கோல்கீப்பரின் வேலை ஆட்டத்தில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். ஆட்டம் மொத்தம் 60 நிமிடம், 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. அதில் பலமான அணியின் கீப்பரிடம் பந்து வருவது சில தடவைதான். மற்ற நேரமெல்லாம் அவர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். யார் எங்கே நிற்க வேண்டும், எந்த ஆளைப் பிடிக்க வேண்டும் என்று முன்னால் இருப்பவர்களை நகர்த்துவது அந்தக் குரல்தான். நிரம்பிய அரங்கில் அது யாருக்கும் கேட்காது. பயிற்சியில் கேட்கும். பந்தும் அப்படித்தான். ஆட்டத்தில் எப்போதாவது வருகிற பந்து, பயிற்சியில் விடாமல் வந்துகொண்டிருக்கும். ஒரே வகை அடியை இருபது முப்பது தடவை அடுத்தடுத்துத் தடுக்கும்போது கால் எங்கே நிற்கிறது, கை எவ்வளவு முன்னால் இருக்கிறது, தடுத்த பிறகு என்ன செய்கிறார் என்பதெல்லாம் நிதானமாகப் புரியும்.

தமிழ்நாட்டில் இதைப் பார்க்க முதல் இடம் சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம். 1996, 2005 ஆண்டுகளின் சாம்பியன்ஸ் டிராபி, 2007 ஆசியக் கோப்பை, 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி எல்லாம் இங்கே நடந்தவை. 2025 நவம்பர், டிசம்பரில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையை இந்த அரங்கமும் மதுரையும் பகிர்ந்துகொண்டன. 24 நாடுகள் அதில் ஆடின. 2026 ஜனவரியில் ஹாக்கி இந்தியா லீக் ஆட்டங்களும் இங்கே வந்தன. இவற்றுக்கெல்லாம் மூத்தது முருகப்பா தங்கக் கோப்பை. நாட்டின் முன்னணி அணிகள் ஆடும் பழைய போட்டி அது. தெற்கே கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி நடக்கும். ஹாக்கியை ஊர்ச் சொத்தாக வைத்திருக்கும் ஊர் கோவில்பட்டி. இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் அந்த ஊர்க்காரர்.

தொழிற்சாலைப் பகுதியான சுங்குவார்சத்திரத்திலிருந்து வருபவர்களுக்கு எழும்பூர் சுமார் 50 கிலோமீட்டர். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாக வர வேண்டும். ஷிஃப்ட் இல்லாத நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டமும், அதை ஒட்டிய ஜார்க்கண்ட் பகுதிகளும் ஹாக்கி விளைகிற மண். இந்திய அணிக்கு ஆடிய திலீப் திர்கி, அமித் ரோகிதாஸ் இருவரும் சுந்தர்கர்க்காரர்கள். அங்கே வளர்ந்த ஒருவர் பக்கத்து மெஷினில் நின்றால், ஹாக்கி பார்க்கப் போவதற்கு அவரைவிட நல்ல துணை கிடைக்காது.

பயிற்சி நாளில் கீப்பர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மற்றவர்கள் தோளில் மட்டைப்பையோடு வரும்போது அவர்கள் ஆள் உயரப் பையை இழுத்துக்கொண்டு வருவார்கள். உடனே கவசத்தை மாட்டுவதில்லை. முதலில் டென்னிஸ் பந்து. கோச் மிக அருகிலிருந்து எறிய, வெறும் கையால் பிடிப்பார்கள்; இரண்டு பந்தை ஒரே நேரத்தில் எறிவதும் உண்டு. கண்ணையும் கையையும் எழுப்பிவிடுகிற வேலை இது. பிறகுதான் கிட்.

கிட் மாட்டுவதைப் பார்ப்பதே ஒரு பாடம். முதலில் இடுப்புக்குக் கீழே: அடிவயிற்றுக் கவசம், பஞ்சு வைத்த கால்சட்டை. ஷூவின் மேல் கிக்கர், அதற்கு மேலே முழங்காலைத் தாண்டும் கால் பேட். அடுத்து மார்புக் கவசம், முழங்கைக் கவசம், தொண்டைக் கவசம். கடைசியில் ஹெல்மெட்டும் கைக்கவசங்களும். இரண்டு கைக்கும் ஒரே கவசம் கிடையாது. இடது கைக் கவசம் தட்டையான பலகை மாதிரி, பந்தை மறிக்க. வலது கைக் கவசம் மட்டையைப் பிடித்துக்கொண்டே பந்தைத் தடுக்க ஏற்றபடி வளைந்திருக்கும். கிக்கர், பேட் எல்லாம் கெட்டியான ஃபோம். பட்ட பந்து அதிலிருந்து துள்ளித் தூரமாகப் போகும். கிரிக்கெட் கால் பேட் போன்ற பழைய பேடுகளில் பந்து பட்டால் காலடியிலேயே விழுந்து கிடக்கும், அதை ஓடிவந்து யாராவது அடித்துவிடுவார்கள். ஃபோம் வந்த பிறகு தடுப்பதும் பந்தை அப்புறப்படுத்துவதும் ஒரே அசைவாகிவிட்டது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் பாகிஸ்தானை 1–0 என்று வென்றபோது இந்திய கோலைக் காத்த சங்கர் லட்சுமண், இப்போதைய ஹெல்மெட்டும் ஃபோமும் இல்லாத காலத்துக்காரர். இன்றைய கிட்டைப் பார்க்கும்போது அவர் துணிச்சல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

இத்தனை கவசம் எதற்கு என்பதைப் பந்து சொல்லும். கெட்டியான பிளாஸ்டிக் பந்து, எடை 156 முதல் 163 கிராம். அது கோலின் பின்பலகையில் மோதும் சத்தம் காலரியின் கடைசி வரிசை வரை கேட்கும். அந்தப் பலகையின் உயரம் 46 சென்டிமீட்டர். கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர்.

கிட் மாட்டியதும் முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் காலுக்குத்தான். கோச் தரையோடு தரையாகப் பந்தை விடுவார். வலது கால், இடது கால், மறுபடி வலது. புதிதாகப் பார்ப்பவர் பந்து தடுக்கப்பட்டதா இல்லையா என்றுதான் கவனிப்பார். கவனிக்க வேண்டியது தடுத்த பந்து எங்கே போகிறது என்பதை. நேராக முன்னால் திரும்பினால் எதிரணிக்கு அது இன்னொரு வாய்ப்பு. ஓரத்துக்கு, பக்கக்கோட்டை நோக்கிப் போனால் ஆபத்து நீங்கியது. நல்ல கீப்பரின் கால் பந்தைத் தொடும் கணத்திலேயே பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கோச் கத்துவதும் பெரும்பாலும் இதற்காகத்தான். கோலுக்குள் போகாமல் தடுத்தும் திட்டு வாங்குகிறாரே என்று தோன்றினால், பந்து டி-யின், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள வளைகோட்டுப் பகுதியின், நடுவில் கிடக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது கோணம். பந்திலிருந்து இரண்டு போஸ்ட்டுக்கும் இரண்டு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். கோல்கோட்டிலேயே நின்றால் கயிறுகளுக்கு இடையே இடைவெளி அகலம். இரண்டடி முன்னால் வந்தால் அது குறுகும், கீப்பரின் உடம்பே பெரும்பகுதியை அடைத்துவிடும். அதிகமாக முன்னால் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் இன்னொருவருக்குப் பந்தைத் தள்ளிக் காலி கோலில் போட்டுவிடுவார்கள். எத்தனை அடி என்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். கற்றுக்கொடுக்கும்போது சில கோச்சுகள் உண்மையாகவே போஸ்ட்டில் கயிறு கட்டிக் காட்டுவதுண்டு. இதைப் பார்க்கச் சிறந்த இடம் கோலுக்குப் பின்னால் உள்ள காலரி. பக்கவாட்டு இருக்கையிலிருந்து பார்த்தால் கோணம் பிடிபடாது.

கால்களையும் அங்கிருந்தே பார்க்கலாம். பந்து கை மாறும்போதெல்லாம் சின்னச் சின்ன அடி எடுத்து நகர்வார். எதிராளி மட்டையை ஓங்கும் கணத்தில் இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். நகர்ந்துகொண்டே இருப்பவரால் எதிர்த்திசைக்குப் பாய முடியாது. தேர்ந்த கீப்பர் அதிகம் பாய்வதில்லை, முன்பே சரியான இடத்துக்கு வந்துவிடுகிறார். ஆட்டத்தில் கைதட்டல் பாய்ச்சலுக்குத்தான் கிடைக்கிறது. பயிற்சியைப் பார்த்துப் பழகிய ரசிகர், பாயாமல் தடுத்த பந்துக்கே முதலில் கைதட்டுவார்.

பயிற்சியில் எல்லோரும் எதிர்பார்ப்பது பெனால்டி கார்னர். போஸ்ட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் இருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட, டி-யின் விளிம்பில் ஒருவர் நிறுத்த, மூன்றாமவர் அடிப்பார். தடுக்கும் அணியில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் இடம். டி-யின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். முதல் அடி ஓங்கி அடித்ததாக இருந்தால் பந்து பின்பலகை உயரத்துக்கு மேல் கோலுக்குள் போகக் கூடாது. டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்த உயரத்திலும் வரலாம். மட்டையோடு பந்தை இழுத்துச் சுழற்றி வீசும் இந்த முறையில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் பந்து கோலை அடைய அரை விநாடிதான் ஆகும். இதற்கு நடுவே, தடுக்க ஓடும் முதல் ரஷ்ஷர் கீப்பரின் பார்வையைச் சற்று மறைத்துவிடுவார். அதனால் கீப்பருக்கும் ரஷ்ஷருக்கும் ஒப்பந்தம் இருக்கும்: ஒரு பக்கத்தை அவர் அடைப்பார், மறுபக்கம் கீப்பருடையது. பயிற்சியில் ஒவ்வொரு கார்னருக்கும் பிறகு இருவரும் தலையைச் சேர்த்துப் பேசுவது இதைத்தான். ஃபிளிக் அடிப்பவரின் தோளும் முன்காலும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதை வைத்து கீப்பர் கணிப்பார்; அந்தக் கணிப்பு நூற்றுக்கணக்கான பந்துகளை வாங்கிய பிறகுதான் கைவரும். டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்க ஆட்டத்தில், 2021 ஆகஸ்ட் 5 அன்று, ஜெர்மனியை விட இந்தியா 5–4 என்று முன்னணியில் இருக்க, சில விநாடிகளே மீதி இருக்கும்போது வந்த பெனால்டி கார்னரை இந்திய கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். சென்னையின் பாஸ்கரன் தலைமையில் 1980ல் வென்ற தங்கத்துக்குப் பிறகு, 41 ஆண்டு கழித்து இந்திய ஹாக்கிக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

பயிற்சியின் கடைசியில் பெரும்பாலும் ஷூட் அவுட் வைப்பார்கள். 23 மீட்டர் கோட்டில் பந்தோடு ஒருவர், கோல்கோட்டில் கீப்பர். விசில் ஊதியதும் 8 விநாடி. இங்கே கீப்பரின் ஆயுதம் பொறுமை. முன்னால் வந்து இடத்தைக் குறுக்கி, எதிராளியை அவருடைய மட்டையின் மறுபக்கம் திரும்ப வைத்து, விநாடிகளைக் கரைக்க வேண்டும். முதலில் தரையில் விழுந்தவர் தோற்றார் என்றே சொல்லலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 40 நிமிடத்துக்கு மேல் 10 பேரோடு ஆடிய இந்தியா பிரிட்டனை ஷூட் அவுட்டில் 4–2 என்று வென்றது. கோலில் நின்றவர் ஸ்ரீஜேஷ். அடுத்த ஆண்டு ஜூனியர் உலகக் கோப்பை சென்னையில் நடந்தபோது இந்திய ஜூனியர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர். காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2–2 ஆகி ஷூட் அவுட் வந்தது. இளம் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் தடுத்து நிற்க, இந்தியா 4–3 என்று வென்றது. பிறகு அர்ஜென்டினாவை 4–2 என வென்று வெண்கலமும் வாங்கியது.

இந்தத் தொழிலுக்கு ஆகிற செலவு முதலிலிருந்தே பெரிது. கேரளத்தின் கிழக்கம்பலத்துக்காரரான ஸ்ரீஜேஷுக்குக் கிட் வாங்க அவர் தந்தை பசுவை விற்றார். இந்திய மகளிர் அணியின் கீப்பராக ஆடிய, ஹரியாணாவின் ஜோத்கான் கிராமத்து சவிதா புனியா, பெரிய கிட் பையோடு பஸ்ஸில் சிர்சா வரை போய் வரப் பட்ட பாட்டைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த சவிதா உள்ள மகளிர் அணிதான் டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1–0 என்று வென்றது. அடுத்தடுத்து மூன்று ஆண்டு உலகின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்குக் கிடைத்தது. மட்டையும் ஷூவும் இருந்தால் ஒரு பையன் ஃபார்வர்டு ஆடிவிடலாம். கீப்பராக ஆக முழு கிட் வேண்டும். பள்ளி அணிகளில் கோல்கீப்பர்கள் குறைவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பயிற்சியைப் பார்க்கும் பழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு. கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தரை ஹாக்கி. அங்கே தொழில்முறை அணிகளின் பயிற்சியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது ரசிகர்களுக்குப் பழக்கமான விஷயம். அங்கும் கீப்பர்கள் மற்றவர்களுக்கு முன்பே பனியில் இறங்கித் தனி கோச்சோடு வேலை செய்வார்கள். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு, கோல் இன்னும் சின்னது: அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். 1959ல் முகத்தில் அடிபட்ட கீப்பர் ஜாக் பிளான்ட் முகமூடி அணிந்து திரும்பி வந்து ஆடினார். அதன் பிறகுதான் அங்கே முகமூடி நிலைத்தது. கோணத்தைக் குறுக்குவதும், தடுத்த வட்டை ஓரத்துக்குத் தள்ளுவதும் இரண்டு ஆட்டத்துக்கும் பொது.

எல்லாப் பயிற்சிக்கும் ரசிகர்களை உள்ளே விடுவதில்லை. போட்டிக்குப் போட்டி, அணிக்கு அணி அது மாறும். விடாத நாளிலும் ஒரு வழி உண்டு. ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் முன்கூட்டியே போய்விட்டால் இரண்டு அணிக் கீப்பர்களும் உடம்பைச் சூடேற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். பயிற்சியின் சுருக்கம் அதில் இருக்கும்: முதலில் கால், பிறகு கை, பிறகு கோணம், கடைசியில் சில ஃபிளிக். கோலுக்குப் பின்னால் உட்கார வேண்டும். பந்து தவறி உள்ளே போனால் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அடுத்த பந்து அதற்குள் வந்துவிடும். கையெழுத்தோ படமோ வேண்டுமென்றால் ஹெல்மெட்டைக் கழற்றும் வரை காத்திருக்க வேண்டும். மாட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் அடுக்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள் என்பதால், மைதானத்தை விட்டுக் கடைசியாகப் போவதும் அநேகமாகக் கீப்பர்கள்தான்.