கணிதத்தில் பிஎச்.டி... மாதம் ரூ.37,000 உதவித்தொகை! யாருக்குக் கிடைக்கும்?

எம்.எஸ்சி. கணிதம் முடித்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி, 'அடுத்து வேலைதானே?' என்பதுதான். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி மாதிரி இடங்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு, 'இன்னும் 5 வருஷம் படிக்கப் போறேன்' என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ஆனால், அந்த 5 வருஷமும் மாதாமாதம் பணம் வரும் வழி இருக்கிறது.

துறைமுகத்து கிளார்க்

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார் ராமானுஜன். கையில் பட்டம் கிடையாது. ஆனாலும் 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 3 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். முழுநேரமும் கணக்கில் மூழ்க அந்தப் பணம்தான் வழிவிட்டது. இன்று அதே பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் அவர் பெயரிலேயே உயர்கணித ஆய்வு நிறுவனம் இயங்குகிறது.

இப்போது எவ்வளவு?

சிஎஸ்ஐஆர் - யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றால், முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.37,000. மதிப்பீட்டில் தேறினால் அடுத்த 3 ஆண்டுகள் ரூ.42,000. 5 ஆண்டுக்குக் கூட்டினால் ரூ.24 லட்சம். வீட்டு வாடகைப் படி தனி.

தேர்வு எப்படி?

கணித அறிவியல் தாள் 3 மணி நேரம், 200 மதிப்பெண். கேட்கப்படும் 120 கேள்விகளில் 60-க்குப் பதில் எழுதினால் போதும். வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை முன்பே ஆங்கிலத்திலும் பழகிக்கொள்வது நல்லது.

வேறு வழிகள்?

அணுசக்தித் துறையின் கீழ் வரும் தேசிய உயர்கணித வாரியம், கணிதத்துக்கென்றே தனித் தேர்வு வைத்து உதவித்தொகை தருகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஃபெலோஷிப் உண்டு. முழுநேர பிஎச்.டி. படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வழங்குகிறது.

எங்கே உஷாராக இருக்கணும்?

சீட் கிடைத்தாலே பணமும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2024 முதல் நெட் முடிவுகள் 3 பிரிவாக வெளியாகின்றன. இதில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்ற பிரிவில் பெயர் வந்தால் பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பிக்கலாம்; உதவித்தொகை கிடையாது. அந்த மதிப்பெண்ணும் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஜேஆர்எஃப் கிடைத்தவர்களும், பிஎச்.டி.யில் பதிவு செய்ய விருதுக் கடிதத்தில் உள்ள காலக்கெடுவைக் கவனிக்க வேண்டும்.

அதனால், சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் துறை அலுவலகத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: 'இந்த இடத்துக்கு ஃபெலோஷிப் இருக்கா, எத்தனை வருஷத்துக்கு?' பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.