கரிகாலனைக் கொன்றது யார்?

"தம்பி, நீங்க பத்திரிகைக்காரர்தானே? ஒண்ணு கேக்கிறேன். மறைக்காமச் சொல்லணும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரு?"

கடலூர், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்ட பாட்டியம்மாளுக்கு வயது எண்பதுக்கு மேல். வேறு காரியமாகப் போன நான் திகைத்துவிட்டேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன சோழ இளவரசனைப் பற்றி, நேற்று அடுத்த தெருவில் நடந்த சங்கதி போல விசாரிக்கிறாரே!

"எனக்கு எப்படிப் பாட்டி தெரியும்?" என்றேன்.

"அதானே பார்த்தேன். எழுதினவரே சொல்லலை. நீங்க எங்கே சொல்லப் போறீங்க!" என்று சிரித்தார்.

'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி தொடங்கி, 1954-ஆம் ஆண்டு மே 16-ந் தேதி முடிந்தது. மூன்றரை ஆண்டுகள்! பாட்டியம்மாள் அப்போது சிறுமி.

"எங்க தெருவிலே ஏழு வீட்டுக்கு ஒரே புஸ்தகம். எங்க அக்கா உரக்கப் படிப்பா; மத்தவங்க சுத்தி உக்காந்து கேப்போம். 'தொடரும்'னு வந்ததும் சண்டை ஆரம்பிச்சிடும். நந்தினிதான் குத்தியிருப்பான்னு அக்கா சொல்லுவா. ரவிதாஸன்னு அப்பா சொல்லுவார். பழுவேட்டரையர் கையிலேதானே கத்தி இருந்ததுன்னு அம்மா அடுப்பங்கரையிலேருந்து குரல் கொடுப்பாங்க. வந்தியத்தேவன் மேலே மட்டும் பழி வரக்கூடாதுன்னு நான் சாமியை வேண்டிக்குவேன்!"

வாசகர்களை இப்படி வாரத்துக்கு வாரம் தவிக்க விடும் வித்தை மேனாட்டிலிருந்து வந்ததுதான். பாரிஸ் நகரத்துத் தினசரிகள் சந்தாதாரர்களைப் பிடித்து வைக்கத் தொடர்கதையை நம்பின. அலெக்ஸாண்டர் டூமாஸ் 1844-இல் 'த்ரீ மஸ்கட்டீர்ஸ்' கதையை அப்படித்தான் எழுதினார். சட்டைப் பையில் ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு குதிரையேறித் தலைநகரத்துக்குப் புறப்படும் துடுக்கான வாலிபன் டார்ட்டன்யானை அறிந்தவர்களுக்கு, இடுப்பில் ஓலையோடு வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவன் புது மனிதனாகத் தோன்றமாட்டான். வால்டர் ஸ்காட்டையும் டூமாஸையும் கல்கி விரும்பிப் படித்தவர். மாறுவேடமும் சுரங்க வழியும் அங்கேயும் உண்டு. ஆனால் ஆடிப்பெருக்கும், ஆழ்வார்க்கடியானின் வாய்ச் சண்டையும், வானத்து வால்நட்சத்திரத்தைப் பார்த்து ஊரே நடுங்குவதும் நம் மண்ணின் சரக்கு.

கொலையாளி தெரியாமல் வாசகர்கள் திண்டாடுவதும் மேனாட்டுக்குப் புதிதல்ல. சார்லஸ் டிக்கன்ஸ் 1870-இல் 'எட்வின் ட்ரூட்' என்ற மர்மக் கதையைப் பாதி எழுதியபோதே காலமாகிவிட்டார். ட்ரூட் என்ன ஆனான்? கொன்றது யார்? நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் லண்டன்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1914-இல் எழுத்தாளர்கள் கூடி ஒரு நீதிமன்றத்தையே நடித்தார்கள். செஸ்டர்டன் நீதிபதி, பெர்னார்ட் ஷா ஜூரிகளின் தலைவர்! கடைசியில் அது கேலிக்கூத்தாக முடிந்து, கோர்ட்டை அவமதித்ததாகத் தம்மைத் தவிர எல்லோருக்கும் அபராதம் போட்டார் செஸ்டர்டன்.

டிக்கன்ஸின் வாயை யமன் அடைத்தான். கல்கியோ கதையை முழுவதும் எழுதி முடித்தும் வாய் திறக்கவில்லை. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது, கரிகாலன் விழுகிறான். பெரிய பழுவேட்டரையர் தாமே கொன்றதாகச் சொல்கிறார். மணிமேகலை பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். யாரை நம்புவது? கதை சட்டென்று முடிந்துவிட்டது என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொள்ள, முடிவுரை ஒன்றில் யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கெல்லாம் கல்கி பதில் கொடுத்தார். கொலையாளியை மட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி அவரும் மறைந்தார். அதன் பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

பாட்டியம்மாளின் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஏறினேன். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு இன்னொரு பஸ். அதை ஒட்டித்தான் வீரநாராயண ஏரி. இன்று அதை வீராணம் என்கிறோம். சென்னை நகரத்துக்கும் அதிலிருந்து குடிநீர் போகிறது. கடம்பூர் என்ற ஊரும் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். கரிகாலன் கொலையைப் பற்றிப் பேசும் கல்வெட்டு அந்தக் கோயிலில்தான் இருக்கிறது.

அதை ஒரு கொலை வழக்கின் தீர்ப்பு என்று நினைத்துத்தான் போனேன். உண்மையில் அது ஒரு நிலப் பத்திரம்! துரோகிகளிடமிருந்து பறித்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கித் தருமத்துக்கு விட்ட விவரம் அதில் இருக்கிறது. அந்த நிலம் வந்த வழியைச் சொல்லும்போதுதான் கொலை பேசப்படுகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர்கள் வருகின்றன. கதையில் சுடுகாட்டு மந்திரவாதியாக வரும் ரவிதாஸன், கல்லில் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம் பெற்ற அந்தண அதிகாரி. கொலை எங்கே நடந்தது? ஏன் நடந்தது? கத்தி யார் கையில் இருந்தது? கல் பேசவில்லை.

ஆனால் வேறொன்றை விரிவாகப் பேசுகிறது. முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வந்த ஆணையின்படி, கொலைகாரர்களின் உடைமைகளோடு விஷயம் முடியவில்லை. அவர்களுடைய தம்பிமார், பிள்ளைகள், தாய்மார், தாய்மாமன்மார், பெண் கொடுத்துச் சம்பந்தம் செய்தவர்கள் என்று உறவு முறை நீண்டுகொண்டே போகிறது. எல்லோருடைய சொத்தும் பறிபோயிற்று.

கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவில் உத்தம சோழன் ஆட்சி நடந்தது. அத்தனை ஆண்டுகள் குற்றவாளிகள் ஏன் தண்டிக்கப்படவில்லை? உத்தம சோழனுக்கே கொலையில் பங்கு உண்டோ என்று சந்தேகித்தார் சரித்திரப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சதாசிவ பண்டாரத்தார் அதை ஒப்பவில்லை. அண்ணனைக் கொல்லத் துணைபோனவர் என்றால், அவருடைய மகனுக்கு இராஜராஜன் தன் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி கொடுத்திருப்பானா என்பது அவர் வாதம். அறிஞர்களும் திண்ணைப் பெண்களைப் போலத்தான் இரண்டு கட்சி!

ஒரே ஒரு வித்தியாசம். நந்தினி கல்கியின் கற்பனை. அவள்மேல் பழி போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. உத்தம சோழன் இந்த மண்ணில் வாழ்ந்த மனிதன். எழுந்து வந்து மறுத்துப் பேச அவனால் முடியாது. கல்கி யாரையும் காட்டிக் கொடுக்காததன் அருமை எனக்கு அந்தக் கோயிலில்தான் புரிந்தது. கல் சொல்லாததைத் தாமும் அடித்துச் சொல்லாமல் விட்டார். அந்த இடைவெளியில்தான் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். 2022 செப்டம்பரில் படத்தின் முதல் பாகம் வந்து, 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வரும் வரையில், நாவலைப் புரட்டிக்கூடப் பார்க்காத பிள்ளைகள் பழைய திண்ணைச் சண்டையைப் புதிதாகப் போட்டதும் அந்த இடைவெளியில்தான்.

திரும்பும் வழியில் கடலூரில் இறங்கினேன். பாட்டியம்மாளிடம் கல்வெட்டின் சங்கதியைச் சொன்னேன். மந்திரவாதி அதிகாரியாக இருந்ததைக் கேட்டு வியந்தார். சொத்துப் பறிபோன உறவு முறைகளை நான் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறிற்று. சிறிது நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், பெண்ணைக் கொடுத்தவங்க என்ன தப்புப் பண்ணினாங்க, தம்பி?" என்றார். "அந்தப் பிள்ளைகுட்டிங்க அப்புறம் எங்கே போச்சு?"

அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.