கோடையின் சூட்டைச் சேர்த்துவைக்கும் மண்

தரைக்குக் கீழே பத்துப் பதினைந்து மீட்டர் இறங்கிவிட்டால் கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஓர் ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை எதுவோ, ஏறக்குறைய அதுவே அங்கே ஆண்டு முழுவதும் நிலவும். பாரிஸ் வானாய்வகத்துக்கு அடியில், 28 மீட்டர் ஆழ நிலவறையில், 18ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் லவாய்சியே ஒரு வெப்பமானியை நிறுவினார். மேலே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் அது 12 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றது.

மண்ணின் இந்த வெப்பத்தை வாங்கி வரும் 12 டிகிரி நீரைக் கொண்டு நேரடியாக அறையைச் சூடாக்க முடியாது. அந்த வெப்பத்தை மேலேற்றித் தருவது ஹீட் பம்ப். வீட்டு ஃபிரிட்ஜில் நடப்பதுதான் இதிலும் நடக்கிறது. நிலத்திலிருந்து வரும் நீரின் வெப்பத்தை வாங்கி ஒரு திரவம் ஆவியாகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்த, சூடு ஏறுகிறது. அந்தச் சூடு கட்டடத்துக்குப் போகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். கோடையில் ஓட்டம் தலைகீழ்: கட்டடத்தின் சூடு மண்ணுக்குள் இறங்கும். ஹைன்ரிஷ் ஸோலி என்ற பொறியாளர் 1912இலேயே சுவிட்சர்லாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

வீடுகளைவிடப் பெரிய கட்டடங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஆட்களும் கணினிகளும் விளக்குகளும் நிறைந்த உள்ளறைகளுக்குக் குளிர்காலத்திலும் குளிர்ச்சி தேவைப்படும். அங்கே எடுத்த வெப்பத்தை ஜன்னலோர அறைகளுக்குத் திருப்பிவிடலாம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மன்சீ நகரிலுள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. அதன் நான்கு நிலக்கரிக் கொதிகலன்களுக்கு வயதாகிவிட்டிருந்தது. 2009இல் துளையிடும் பணி தொடங்கியது. சுமார் 3,600 ஆழ்துளைகள், ஒவ்வொன்றும் 120 முதல் 150 மீட்டர் வரை. துளைக்குள் பிளாஸ்டிக் குழாய் ஒன்று அடிவரை இறங்கி, வளைந்து, மேலே திரும்புகிறது. சுற்றியுள்ள இடைவெளியைக் கெட்டிப்படும் குழம்பு ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் நீர் நிலத்தடி நீரோடு கலப்பதில்லை. வேலை முடிந்ததும் மேலே மண் மூடிவிட்டால், கீழே இப்படியொரு ஏற்பாடு இருப்பதே தெரியாது. 2014இல் அங்கே நிலக்கரி எரிப்பது நின்றது.

ஸ்டாக்ஹோம் அருகே ஆர்லாண்டா விமான நிலையம் நிலத்தடி நீரையே நேரடியாகப் பயன்படுத்துகிறது. பனியுகம் விட்டுச்சென்ற சரளைமேடு ஒன்று அங்கே நீரைத் தாங்கி நிற்கிறது. கோடையில் அதன் ஒரு பக்கத்துக் கிணறுகளிலிருந்து குளிர்ந்த நீர் வந்து முனையங்களைக் குளிர்விக்கிறது. வெதுவெதுப்பாகி மறுபக்கக் கிணறுகளுக்குள் போகிறது. குளிர்காலத்தில் அதே நீர், விமானங்கள் நிற்கும் தளத்துக்கு அடியில் ஓடி உறைபனியை உருக்குகிறது. அதற்கு அந்த இளஞ்சூடே போதும்.

துளையிடும் செலவு முதல் தடை. அதைவிட நுட்பமானது வெப்பத்தின் வரவு செலவுக் கணக்கு. எடுத்துக்கொண்டே இருந்தால் மண் ஆண்டுக்காண்டு குளிர்ந்துபோகும். கொட்டிக்கொண்டே இருந்தால் சூடாகும். இரண்டிலும் திறன் குறையும். குளிர்காலமே இல்லாத சென்னை போன்ற ஊர்களில் சிக்கல் இரட்டிப்பு: மண்ணே 28 டிகிரியை ஒட்டி இருக்கும், இறக்கிய சூட்டைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தவும் யாரும் இல்லை. அத்தகைய இடங்களில் துளைகளோடு குளிர்விப்புக் கோபுரமும் சேர்த்து, மிகுதி வெப்பத்தைக் காற்றில் விட வேண்டியிருக்கும்.