குடிக்காதவருக்கும் கல்லீரல் நோய் வருமா?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,

உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் இம்மருத்துவப் பணி தடையின்றி நடந்துவருவதற்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "ஐயா, நான் ஒருநாளும் குடித்தவன் அல்லவே, எனக்கு ஏன் கல்லீரலில் வியாதி?" கேட்பவர்களில் ஆசிரியர்கள் உண்டு, சபை மூப்பர்கள் உண்டு, மாதர் சங்கத் தாய்மார்களும் உண்டு. நம் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றை உங்களுக்கு விளங்கும்படி இங்கே எழுதுகிறோம்.

கல்லீரலில் கொழுப்பு

வலது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடையுள்ளது. உணவிலிருந்து வரும் சர்க்கரையைச் சேமித்துவைப்பதும், பித்தநீரைச் சுரப்பதும், இரத்தத்தில் சேரும் நஞ்சை அகற்றுவதும் அதன் வேலைகளில் சில. இந்த உறுப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு படிந்துவிட்டால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். பலருக்கு அது அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. சிலருக்கோ கல்லீரல் அழற்சியுற்று, தழும்பேறி, வருடங்கள் செல்லச்செல்லச் சுருங்கி இறுகிவிடுகிறது. அந்த நிலையையே சிரோசிஸ் என்பார்கள். அதன்பின் வயிற்றில் நீர் கோர்த்தலும் இரத்த வாந்தியும் வரலாம். சிலருக்குப் புற்றுநோயும் உண்டாகிறது.

மதுபானம் இதற்கு ஒரு காரணம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1980ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜூர்கன் லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய உடன் ஊழியர்களும், குடிப்பழக்கம் இல்லாதவர்களின் கல்லீரலிலும் இதே விதமான பாதிப்பைக் கண்டு எழுதினார்கள். 2023ஆம் ஆண்டில் உலகக் கல்லீரல் மருத்துவர்கள் கூடி, உடலின் வளர்சிதைமாற்றக் கோளாற்றோடு வரும் நோய் என்று பொருள்படும்படி இதற்குப் புதுப்பெயர் இட்டார்கள். பழைய பெயரிலிருந்த வார்த்தைகள் நோயாளிகளை வெட்கப்படுத்துகின்றன என்பதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

இரத்தத்தில் ஓடும் தூதுவர்கள்

நம் சரீரத்திலுள்ள சுரப்பிகள் ஹார்மோன்களை இரத்தத்தில் அனுப்புகின்றன. அவை மிகச் சொற்ப அளவில் இருந்தும், தூரத்திலுள்ள உறுப்புகளுக்குக் கட்டளை கொண்டுபோகின்றன. அவற்றில் கல்லீரல் கொழுப்போடு மிக நெருங்கிய தொடர்புடையது இன்சுலின். 1921ஆம் ஆண்டில் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்பவர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள்.

கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊராருக்குச் செவி மந்தமானால் மணி அடிக்கிறவர் மேலும் மேலும் பலமாக அடிப்பார் அல்லவா? அதுபோலவே, உடற்பருமனும் அசைவில்லாத வாழ்க்கையும் சேரும்போது தசைகள் இன்சுலினின் சத்தத்தைச் சரியாகக் கேட்பதில்லை. உடனே கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது; இரத்தத்தில் இன்சுலின் அளவு உயருகிறது. இதனால் சில வருடங்கள் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். "சுகர் நார்மல்" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

அந்த வருடங்களில் கல்லீரலுக்குள் நடப்பது வேறு. இன்சுலின் அதற்கு இரண்டு கட்டளைகள் கொடுக்கிறது: சர்க்கரை உண்டாக்குவதை நிறுத்து, கொழுப்பை உண்டாக்கு. செவி மந்தமான கல்லீரல் முதலாவது கட்டளையைக் கேட்பதில்லை, இரண்டாவதையோ தவறாமல் நிறைவேற்றுகிறது. கொழுப்புத் திசுக்களுக்கும் இன்சுலின், "உன்னிடமுள்ள கொழுப்பை வெளியே விடாதே" என்று சொல்லுகிறது. அவையும் கேளாமற்போவதால் கொழுப்பு இரத்தத்தில் வழிந்து கல்லீரலை வந்தடைகிறது. 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பில் சுமார் 60 சதவீதம் இவ்விதம் உடற்கொழுப்பிலிருந்து வந்ததாகவும், சுமார் 26 சதவீதம் கல்லீரலே புதிதாக உண்டாக்கியதாகவும், சுமார் 15 சதவீதம் மட்டுமே உண்ட கொழுப்பிலிருந்து நேராக வந்ததாகவும் கண்டார்கள். எனவே எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு, சோற்றையும் இனிப்பையும் முன்போலவே உண்பவருக்குப் பெரிய பலன் கிடைப்பதில்லை.

மற்றத் தூதுவர்களும் உண்டு. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரல் கொழுப்பை எரிக்கும் வேகம் குறைகிறது. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஓரளவு பாதுகாப்பாக இருப்பதால், மாதவிலக்கு நின்றபின் இந்நோய் அதிகமாகக் காணப்படுகிறது. சினைப்பை நீர்க்கட்டி உள்ள இளம் பெண்களுக்கு ஆண் ஹார்மோன்களும் இன்சுலினும் மிகுந்திருப்பதால் அவர்களும் கவனமாயிருக்கவேண்டும். கொழுப்புத் திசுவிலிருந்தே சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் கல்லீரலுக்கு நன்மை செய்வது. ஆனால் உடல் பருக்கும்போது அதன் அளவு குறைந்துபோகிறது.

ஓர் உபதேசியாரின் துயரம்

அனுமதி பெற்று, அடையாளங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறோம். கிராமச் சபை ஒன்றின் உபதேசியார், ஐம்பது வயதைக் கடந்தவர், வயிறு வீங்கிய நிலையில் நம்மிடம் கொண்டுவரப்பட்டார். பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரைகளை ஒழுங்காக எடுத்ததில்லை. ஸ்கேனில் கல்லீரல் சுருங்கியிருப்பது தெரிந்தது. செய்தி ஊருக்குப் போனதும், "உபதேசியார் மறைவாகக் குடித்திருக்கிறார்" என்று பேசத் தொடங்கினார்கள். வயிற்று வீக்கத்தைவிட அந்தப் பேச்சே அவரை அதிகமாக வாட்டியது. "நான் குடிகாரன் அல்ல என்று டாக்டரம்மா ஒரு தாளில் எழுதித் தருவார்களா?" என்று எங்களிடம் கேட்டார்.

அவருடைய சம்மதத்தின்பேரில் நம் மருத்துவர் சேகரக் கமிட்டியாரைச் சந்தித்து, மேலே எழுதியவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கினார். அவர்களில் இரண்டு பேர் வார்டுக்கு வந்து உபதேசியாரின் கைகளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். அவருடைய கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. தொடர்ந்து சிகிச்சையில் இருக்கிறார். ஆனால் அன்று மருத்துவர் சொற்படி அவருடைய மகளையும் பரிசோதித்தோம். சினைப்பை நீர்க்கட்டிக்கு மருந்து சாப்பிட்டுவந்த அந்தப் பிள்ளைக்கும் கல்லீரலில் கொழுப்பு இருந்தது, தழும்பு இல்லை. ஆறு மாதங்களில் 70 கிலோ எடையை 65 ஆகக் குறைத்தாள். அவளுடைய கல்லீரல் இரத்தப் பரிசோதனை இப்போது சரியாக இருக்கிறது. தகப்பனுக்குக் காலம் கடந்து தெரிந்தது மகளுக்குக் காலத்தோடே தெரியவந்தது.

நாம் செய்யக்கூடியவை

இந்நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. கல்லீரல் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் கொழுப்பு இருக்கக்கூடும். எனவே சர்க்கரை நோய், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் கேளுங்கள். நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஹார்மோன்கள் எல்லாவற்றையும் பரிசோதித்துப் பணத்தைச் செலவழிக்கவேண்டியதில்லை. சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை, தேவையானால் தைராய்டு, ஒரு ஸ்கேன் ஆகியவை பெரும்பாலானோருக்குத் தொடக்கத்தில் போதும்.

எடை 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். வாரத்தில் ஐந்து நாட்கள் அரைமணி நேரம் வேகமாக நடப்பது தசைகளின் செவியைத் திறக்கிறது. தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரை, காய்கறி, பயறு வகைகளைக் கூட்டுங்கள். கலர் பானங்களையும் பேக்கரிப் பண்டங்களையும் விலக்குங்கள். மதுபானத்தைத் தொடவே வேண்டாம். கல்லீரலுக்கு என்று சொல்லி விற்கப்படும் பெயர் தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் மருத்துவரைக் கேளாமல் உண்ணாதிருங்கள். ஜெபித்துவிட்டோம் என்று சொல்லி மாத்திரைகளை நிறுத்திவிடுகிறவர்களையும் காண்கிறோம். சுகமளிக்கும் கர்த்தரே மருத்துவர்களையும் மருந்துகளையும் தந்திருக்கிறார் என்பதை மறவாதிருப்போமாக.

புதிய மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. தைராய்டு ஹார்மோனைப்போலக் கல்லீரலில் வேலை செய்யும் ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு, தழும்பேறிய நிலையிலுள்ள சில நோயாளிகளுக்கென 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி அளிக்கப்பட்டது. நம் இந்திய அரசும் 2021ஆம் ஆண்டில் இந்நோயைத் தேசியத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

அன்பானவர்களே, ஏழைகளுக்கு இந்தப் பரிசோதனைகளின் செலவே பெரிய தடையாக நிற்கிறது. நீங்கள் அனுப்பும் காணிக்கை, உபதேசியாரின் மகளைப்போன்ற ஒருவருக்கு நோயைக் காலத்தோடே கண்டறிய உதவுகிறது. உங்கள் சபைகளில் மருத்துவ முகாம் நடத்த விரும்பினால் எங்களுக்கு எழுதுங்கள். கல்லீரல் நோயுள்ள ஒருவரைக் குறித்துச் சபையில் பேச்சு எழும்பினால், அவரைக் காக்கும் வார்த்தை முதலாவது உங்கள் வாயிலிருந்து வரட்டும். ஓர் அவயவம் பாடுபட்டால் மற்றவையும் கூடப் பாடுபடும் என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதியது சபைக்காகத்தானே.

ஜெபக் குறிப்புகள்

1. சிரோசிஸ் நோயினால் நம் வார்டுகளில் இருப்பவர்களுக்காகவும், அவர்களைக் கவனிக்கும் குடும்பத்தாருக்காகவும்.

2. அநியாயமான பேச்சினால் மனம் நொந்திருப்பவர்கள் ஆறுதலடைய.

3. கிராம முகாம்களுக்குச் செல்லும் மருத்துவர்கள், செவிலியர்களின் பெலனுக்காக.

4. பரிசோதனை உதவி நிதியின் தேவைகள் சந்திக்கப்பட.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் அன்பின்,
மருத்துவமனைப் போதகர்