பரம்பரையும் பழக்கமும்

“அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது” என்று சர்க்கரை வியாதியைப் பற்றிக் கூறுவோர் பலர். ‘பரம்பரை வியாதி’ என்னும் தொடரே ஓரளவு தவறான எண்ணத்தை ஊட்டுகிறது. வீடும் நிலமும் கைமாறுவதுபோல் இந்நோய் கைமாறுவதில்லை; நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பே கைமாறுகிறது.

பெரும்பாலும் நடுவயதையொட்டித் தோன்றும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒரு தனி மரபணு காரணமன்று. நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் கூடி, கணையம் இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலையும், உடல் அதனை ஏற்கும் தன்மையையும் சிறிது சிறிதாகப் பாதிக்கின்றன. உணவு மிகுந்து உழைப்புக் குறையும்போது அக்குறை வெளிப்படுகிறது.

ஊர்விட்டு வந்த நம்மவர் கருதத்தக்க ஆராய்ச்சி ஒன்று 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. லக்னோ, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நகரங்களில் ஆலைத் தொழிலாளரையும் அவர்தம் வாழ்க்கைத் துணைவரையும் சோதித்தனர். கிராமத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தோருடன், கிராமத்திலேயே தங்கிவிட்ட உடன்பிறந்தாரையும் அழைத்துச் சோதித்ததே இதன் சிறப்பு. ஒரே பெற்றோர், ஒரே குருதி. வேறானது வாழ்வு மட்டுமே. ஆண்களில், கிராமத்திலிருந்தோருள் 100க்கு 6.2 பேருக்கு நீரிழிவு இருந்தது. குடிபெயர்ந்தோருள் அது 14.3, நெடுநாளைய நகரவாசிகளிடத்தும் 13.5தான். நீரிழிவைப் பொறுத்தமட்டில், வந்தவர் நகரத்தாராகவே ஆகிவிட்டனர்!

ஆயின் பழக்கமே எல்லாம் என்று கொள்வதும் பிழை. சர்க்கரை ஏற்கெனவே சற்று மிகுந்திருந்த 531 பேரைக் கொண்டு சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2006இல் வெளிவந்தது. வழக்கமான வாழ்வை விடாதவர்களில் மூன்றாண்டுக்குள் 100க்கு 55 பேர் நோயுற்றனர். உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. குறைவு பெரிதுதான், எனினும் அந்த 39 பேரை “வாயைக் கட்டவில்லை” என்று உறவினர் ஏசுவது நியாயமாகாது. மெலிந்த உடலினரும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சுமப்பது நம் நாட்டாரிடம் மிகுதி. ஆதலால் எடையைவிட இடையளவே நல்ல அடையாளம். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்கவேண்டும்.

பெற்றோருக்கு நோய் உண்டெனில் முப்பது வயதிலிருந்தே இரத்தத்தைச் சோதித்து வருதல் நன்று. வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை எனில் திருத்திக்கொள்ள அவகாசமுண்டு. 126ஐ எட்டி, மறுசோதனையிலும் அவ்வாறே நின்றால் அது நீரிழிவே. ஊரிலுள்ள தம்பி தங்கையரிடமும் இதைச் சொல்லலாம். 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, கிராமங்களிலும் 100க்கு 8.9 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது.